சேமலாபக் காசும் கடதாசிப் பெட்டியும்



ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் ஊழியர் சேமலாப நிதி கைக்கு வருகிறது. மாதாமாதம் நம் சம்பளத்தில் நூற்றுக்கு 8 வெட்டி, தோட்டம் 12 சேர்த்துக் கட்டிய காசு அது. காசு வரப்போகிறது என்று தெரிந்ததும் ஆளுக்கொரு யோசனை லயத்துக்கு வந்துவிடும். நகை, ஆட்டோ, சீட்டு என்ற யோசனைகளோடு இப்போது பங்குச் சந்தையும் சேர்ந்திருக்கிறது. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் போனில் விலையைக் காட்டி, "கடதாசிப் பெட்டி செய்யும் கம்பனியில் போடுங்கள் அப்பா, பெட்டி இல்லாமல் எந்தச் சாமானும் கப்பல் ஏறாது" என்கிறார்கள்.

பிள்ளைகள் சொல்வதில் உண்மை உண்டு. ஒரு காலத்தில் பலகைப் பெட்டியில் போன நம் தேயிலை இன்று பல அடுக்குக் கடதாசிச் சாக்கில் போகிறது. கடையில் விற்கும் தேயிலைப் பைகளும் அட்டைப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. ஆனால் பெட்டிக்குத் தேவை இருப்பது வேறு, பெட்டி செய்பவனுக்கு இலாபம் கிடைப்பது வேறு. கொழுந்துக்கு எப்போதும் தேவை இருக்கிறது. பறிப்பவளுக்கு அதில் என்ன மிஞ்சியது என்பது நமக்குத் தெரியாததா?

பழைய அட்டையை அரைத்துப் புது அட்டை செய்யலாம். ஆனால் ஒவ்வொரு முறை அரைக்கும்போதும் நார் குட்டையாகிப் பலம் குறையும். பாரம் தாங்கும் பெட்டிக்குப் புதிய மரக்கூழோ அதில் செய்த கடதாசியோ வேண்டும். அதை டொலர் கொடுத்து வெளிநாட்டிலிருந்து இறக்க வேண்டும். 2022இல் டொலர் தட்டுப்பட்டபோது, கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளே தள்ளிவைக்கப்பட்டன. ரூபாய் விழுந்தால் மூலப்பொருள் விலை ஏறும். மின்சாரக் கட்டணம் ஏறினாலும் அடி விழுவது ஆலைக்குத்தான்.

உள்ளூர் மூலப்பொருளை நம்பிய ஆலையும் நம் நாட்டில் இருந்தது. 1950களில் அரசாங்கம் தொடங்கிய வாழைச்சேனைக் கடதாசி ஆலை வைக்கோலிலிருந்து கடதாசி செய்தது. பல குடும்பங்கள் அதை நம்பி வாழ்ந்தன. யுத்தமும் நட்டமும் சேர்ந்து அதை முடக்கிப் போட்டன. கடதாசிக்குத் தேவை இருந்தபோதே அது முடங்கியது.

ஆகவே சங்கம் சொல்வது இதுதான். ஓய்வுக் காசை ஒரே கம்பனியில் போடாதீர்கள். 100 ரூபாய்க்கு வாங்கிய பங்கு 50க்கு இறங்கினால் பாதி போய்விட்டது. பழைய இடத்துக்கு வர அது இரட்டிப்பாக வேண்டும். இளைஞனுக்குக் காத்திருக்கக் காலம் உண்டு, ஓய்வு பெற்றவருக்கு இல்லை. மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் ஆன காசு வங்கியில் இருக்கட்டும். மிஞ்சியதில், போனாலும் அடுப்பு அணையாது என்ற அளவுக்கு மட்டும் பங்கு வாங்கலாம். அதையும் அனுமதி பெற்ற தரகர் மூலம், உங்கள் பெயரிலேயே கணக்குத் திறந்து வாங்குங்கள். மாதம் இவ்வளவு நிச்சயம் என்று சொல்லி லயத்துக்கு வருபவரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். பங்கில் நிச்சயம் என்று ஒன்று கிடையாது.

இன்னொரு விடயம். நாம் பங்குக்குப் புதியவர்கள் அல்லர். 1992இல் அரசாங்கத் தோட்டங்கள் கம்பனிகளின் முகாமைக்குப் போயின. 1995 முதல் அந்தக் கம்பனிகளின் பங்குகள் விற்கப்பட்டபோது, நூற்றுக்கு 10 ஊழியர்களுக்கு இலவசமாக ஒதுக்கப்பட்டது. அன்று வேலையில் இருந்த அம்மா அப்பாவின் பெயரில் அந்தப் பத்திரம் வீட்டில் இருக்கலாம். அவர்கள் இறந்திருந்தாலும் வாரிசுகள் உரிமை கோர வழி உண்டு.

புதுப் பங்கைத் தேடுவதற்கு முன் இன்று இரவு பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அப்படி ஒரு பத்திரம் கிடைத்தால் யாருக்கும் விற்றுவிடாமல், தோட்டத் தலைவரிடம் சொல்லிச் சங்கக் காரியாலயத்துக்குக் கொண்டு வாருங்கள். உழைத்துப் பெற்ற உரிமை பெட்டிக்குள் கிடந்து செல்லரிக்கக் கூடாது.