மருந்தைக் கூட்டினால் குறி கூடாது

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், கீழே ஈப்போவில் கொதிப்பது போல இங்கே தண்ணீர் கொதிப்பதில்லை. 1,500 மீட்டர் உயரத்தில் சுமார் 95 டிகிரியிலேயே அது கொதித்துவிடும். சாயம் நன்றாக இறங்க இன்னும் கொஞ்ச நேரம் விட வேண்டும். இந்த அனுபவத்தைக் கொண்டுபோய்த் துப்பாக்கியிலும் பொருத்திப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். “மலையில காத்து லேசு, மருந்து சரியா எரியாது, ஒரு சிட்டிகை கூடப் போட்டாத்தான் குண்டு போகும்” என்பது அவர்கள் வாதம். இது தவறு மட்டுமல்ல, கையைப் பறிக்கக்கூடிய தவறு.

தோட்டாவுக்குள் இருக்கும் மருந்து எரிவதற்கு வெளிக்காற்று தேவையே இல்லை. அதன் முக்கியப் பொருளான நைட்ரோசெல்லுலோஸ் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன் மூலக்கூறிலேயே வைத்திருக்கிறது. பித்தளைக் கூட்டுக்குள் அடைபட்ட மருந்துக்கு, மலைமேல் தானா ராத்தாவில் இருக்கிறோமா கிள்ளான் துறைமுகத்தில் இருக்கிறோமா என்பது தெரியாது. குழலை விட்டு வெளியே வந்த பிறகுதான் குண்டு காற்றைச் சந்திக்கிறது. மலைக்காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. ஆகவே தடை குறையுமே தவிரக் கூடாது. கைத்துப்பாக்கிப் போட்டியின் 25 மீட்டர் தூரத்துக்குள் அந்த வித்தியாசத்தை இலக்கில் கண்ணால் காணவும் முடியாது. குளிர் பற்றிக் கேட்டால் அது நியாயமான கேள்வி. சில மருந்துகள் குளிரில் வேகம் இழக்கும், சில மாறாது, சில கூடவும் செய்யும். அதற்கு வழி வேகத்தை அளந்து பார்ப்பது, சிட்டிகை போடுவதல்ல.

மலையைப் பற்றிய இந்தப் பேச்சு ஒரு பெரிய நம்பிக்கையின் கிளைதான். மருந்து கூடினால் பலம் கூடும், பலம் கூடினால் குறி தப்பாது என்பதே அதன் வேர். நாட்டுத் துப்பாக்கியில் கருமருந்தைக் கெட்டித்துப் பன்றி சுட்ட காலத்திலிருந்து வரும் நினைப்பு இது. கருமருந்து ஓரளவு பொறுத்துக்கொள்ளும். 1884இல் பிரான்சில் பால் வியேல் உருவாக்கிய புகையில்லா மருந்தின் வழிவந்தவை அப்படியல்ல. அழுத்தம் ஏற ஏற அவை இன்னும் வேகமாக எரிகின்றன. வேகமாக எரிவதால் அழுத்தம் மேலும் ஏறுகிறது. அளவில் சிறிது கூட்டினாலே அழுத்தம் அந்த விகிதத்தை மிஞ்சிச் சீறும். 9 மில்லிமீட்டர் தோட்டாவின் மருந்து மொத்தமே கால் கிராமை ஒட்டித்தான் இருக்கிறது. அதில் ‘ஒரு சிட்டிகை’ எவ்வளவு பெரிய பங்கு என்று எண்ணிப் பாருங்கள்.

சரி, ஆபத்தை விடுங்கள், போட்டியிலாவது லாபமா? நடைமுறைத் துப்பாக்கிச் சுடும் போட்டிகளுக்கான ஐபிஎஸ்சி அமைப்பின் விதிகளைப் பார்ப்போம். குண்டின் எடையைக் கிரெய்னிலும் வேகத்தை வினாடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் கிடைப்பது பவர் ஃபேக்டர். பலம் குறைந்த மைனர் பிரிவுக்கு 125 வந்தால் போதும். 115 கிரெய்ன் குண்டு 1,090 அடி வேகத்திலும், 124 கிரெய்ன் 1,010 அடியிலும், 147 கிரெய்ன் 855 அடியிலும் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். தாண்டிய பிறகு 126க்கும் 145க்கும் மதிப்பெண் ஒன்றே. இலக்கின் ‘ஏ’ வட்டாரத்தில் பட்டால் மைனருக்கும் 5, பலம் கூடிய மேஜருக்கும் 5. வெளி வட்டாரங்களில்தான் மேஜருக்கு ஒரு புள்ளி கூடுதல். மொத்தப் புள்ளியை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுக்கிறார்கள். பெரும்பாலான இலக்குகளில் இரண்டு குண்டு பதிய வேண்டும். முதல் குண்டு போனதும் துள்ளிய துப்பாக்கி எவ்வளவு சீக்கிரம் திரும்பி வந்து இரண்டாவதைப் போட விடுகிறது என்பதில்தான் வெற்றி இருக்கிறது. கோட்டுக்கு மேலே வீணாக ஏற்றிய ஒவ்வொரு கிரெய்னும் அந்தத் துள்ளலாகத் திரும்புகிறது.

இதனால்தான் மைனரில் சுடும் அனுபவசாலிகள் பலர் 147 கிரெய்ன் குண்டையும் வேகமாக எரியும் மருந்தையும் தேடிப் போகிறார்கள். எடை கூடிய குண்டு என்றதும் உதை கூடும் என்று புதியவர்கள் பயப்படுகிறார்கள். நடப்பது நேர்மாறு. கோடு ஒன்றே என்பதால் குண்டு தரும் உந்தமும் ஒன்றே. மிச்சம் இருப்பது மருந்து வாயுவின் உதை. அந்த வாயு குண்டைவிட மிக வேகமாகக் குழலிலிருந்து பாய்கிறது. கனத்த குண்டை மெதுவாகத் தள்ளக் குறைந்த மருந்து போதும், ஆகவே வாயுவும் குறைவு, துள்ளலும் குறைவு. ஓபன் பிரிவில் மட்டும் கணக்கு மாறுகிறது. அங்கே குழல்முனையில் காம்பென்சேட்டர் இருக்கிறது; மேல்நோக்கிப் பாயும் வாயுவே முனையைக் கீழே அழுத்துகிறது. அதனால் இலேசான குண்டும் மெதுவாக எரியும் மருந்தும் நிறைய வாயுவும் அங்கே பயன்படும். அங்கும் மருந்து கூடுவதால் குறி கூடுவதில்லை; வாயுவுக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது.

பலம் இருந்தால்தான் குறி என்பவர்கள் 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டியைப் பார்க்கட்டும். 2006 தோகா ஆசிய விளையாட்டில் இந்தியாவின் ஜஸ்பால் ராணா 600க்கு 590 எடுத்து உலக சாதனையைச் சமன் செய்த போட்டி அது. அந்தப் போட்டியில் பலரும் விரும்பிக் கையாள்வது .32 காலிபர் வாட்கட்டர்: மூக்கு தட்டையான, ஒலியின் வேகத்தைத் தொடாத, சாதுவான குண்டு. காகிதத்தில் வட்டமாகத் துளை போடுவது மட்டுமே அதன் வேலை.

இனி இடர்ப்பாட்டுக்கு வருகிறேன். வேகமான மருந்தைக் குறைவாகப் போடும்போது கூட்டில் பாதிக்கு மேல் காலியாக இருக்கும். கவனம் சிதறி இரண்டு தடவை ஊற்றினாலும் வழியாமல் உள்ளே அடங்கிவிடும். அந்தத் தோட்டா சுடுபவனின் துப்பாக்கியை உடைக்கும். மறந்து மருந்தே போடாத தோட்டாவோ, பிரைமரின் சக்தியில் குண்டைக் குழலுக்குள் தள்ளி அங்கேயே நிறுத்தும். அடுத்த குண்டு அதன் மேல் மோதும். சத்தம் மெலிந்து கேட்டால் உடனே நிறுத்திக் குழலைப் பார்க்க வேண்டும் என்பது அதனால்தான். மருந்து தேர்ந்தெடுக்கும்போது ‘எவ்வளவு பலம்’ என்று கேட்பதற்கு முன், ‘இரட்டை அளவு விழுந்தால் கண்ணுக்குத் தெரியுமா’ என்று கேட்பவரே என் மதிப்புக்குரியவர். கூட்டை நன்றாக நிரப்பும் பருமனான மருந்து கொஞ்சம் விலை கூடினாலும் எனக்கு அதுவே உசத்தி.

மலேசியாவில் இதையெல்லாம் வீட்டில் செய்து பார்க்க எண்ணாதீர்கள். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பதும் குற்றம், தயாரிப்பதும் குற்றம். தோட்டா நிரப்பச் சட்டம் இடம் தரும் நாடுகளில் வாழும் நம்மவர்களுக்கே மருந்து அளக்கும் பேச்சு. இங்கே உரிமத்தோடு போட்டியில் சுடுபவர்களுக்கும் இந்தக் கணக்கு உதவும். ஆலைத் தோட்டாப் பெட்டியின் மேலேயே குண்டின் எடை கிரெய்னில் அச்சாகியிருக்கிறது. வேகத்தையும் தெரிந்துகொண்டு பெருக்கிப் பாருங்கள். 125ஐக் கொஞ்சம் தாண்டி நிற்கும் பெட்டியை எடுங்கள். கொஞ்சம் என்கிறேன், ஏனெனில் போட்டியன்று நடுவர்கள் உங்கள் தோட்டாக்களை எடுத்துக் குண்டை எடை போட்டு வேகம் அளப்பார்கள். 125க்குக் கீழே விழுந்தால் நீங்கள் சுடலாம், புள்ளி கிடைக்காது. 130 வாக்கில் இருந்தால் குளிரோ வெயிலோ அதை எளிதில் கெடுக்காது. அதற்கு மேல் வாங்கும் வேகம் உங்கள் மணிக்கட்டுக்குத்தான்.

தோட்டா நிரப்ப இடமுள்ள நாடுகளில் இருக்கும் மூத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். சுடுகளத்துக்குப் புதிதாக வரும் பிள்ளையிடம் ‘தைரியமா ஏத்திப் போடு’ என்று சொல்லாதீர்கள். மருந்துக் கம்பெனி வெளியிடும் அட்டவணையைக் கையில் கொடுங்கள். அதில் ஆரம்ப அளவு எது, உச்ச அளவு எது என்று காட்டுங்கள். ஆரம்ப அளவிலிருந்து தொடங்கி, வேகத்தை அளந்துகொண்டே ஏறி, கோட்டைத் தாண்டியதும் நிற்கச் சொல்லுங்கள்.