பதினெட்டுக்குப் பிறகு எங்கே?

அநாதைப் பிள்ளைகளை இல்லங்களில் வைத்துப் போஷிக்கும் நாம், பதினெட்டு வயது நிறைந்ததும் ஒரு பெட்டியும் சான்றிதழும் கையில் கொடுத்து அவர்களை வாசலில் நிறுத்துவது எந்த தர்மத்தில் சேர்த்தி? 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம் இல்லத்தை விட்ட பின்னும் 21 வயது வரை உதவும் பின்காப்புக்கு இடமளிக்கிறது. ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டமும் அதற்கு மாதம் 4,000 ரூபாய் அனுமதிக்கிறது. மதுரையில் வாடகை கொடுத்த பின் அதில் சோற்றுக்கு என்ன மிஞ்சும்?

அவர்களுக்குப் பணத்தோடு ஒரு தொழிலும் வேண்டும். மதுரைக்கு அருகே, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற சோழவந்தான் வெற்றிலையின் கொடியை அகத்தியில் ஏற்றிக் கட்டவும், பதம் பார்த்துக் கிள்ளவும், கவுளியாக அடுக்கவும் கற்பிக்கக் கொடிக்கால் ஆசான்கள் சோழவந்தானிலேயே உண்டு. அவ்வூர் வழியே செல்லும் அதே ரயில் பாதையில், 1947-இல் காந்தியவாதி சௌந்தரம் அம்மையார் காந்திகிராமத்தில் கல்வியையும் தொழிலையும் ஓரிடத்தில் சேர்த்துக் காட்டினார். படுக்கையும் பயிற்சியும் ஒருங்கே கிடைக்கும் இல்லமொன்றை அரசு சோழவந்தானில் இவ்வாண்டே திறக்க வேண்டும்.