கீரிமலைக் கேணியும் காங்கேசன்துறைக் கல்லும்

விடுமுறை வந்ததும் மலைநாட்டையும் சுரங்க ஊர்களையும் பார்க்க வேண்டுமென்று பிள்ளைகள் கேட்பது வழக்கம். இரத்தினபுரியின் மாணிக்கக் குழிகளைக் காண நெடும்பயணஞ் செய்தல் வேண்டும். நமது குடாநாட்டிலோ மலையே இல்லை. ஆயினும் மலையென்று பெயர் பூண்ட ஊரொன்றும், அதனருகே கல்லகழ்ந்து வாழ்ந்த பட்டினமொன்றும் நமக்கு உண்டு. கீரிமலையையும் காங்கேசன்துறையையும் ஒரே நாளிற் கண்டு திரும்பலாம். கட்டுச்சோறும் மாற்றுடையும் கொண்டு சென்றாற் போதும்.

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை ஏறத்தாழ 19 கிலோமீற்றர். புகையிரதத்திற் செல்வது பிள்ளைகளுக்கு உவப்பாகும். 1990 இல் போரினால் நின்றுபோன இவ்வழி, 2015 ஜனவரியில் மீண்டும் காங்கேசன்துறை வரை திறக்கப்பட்டது. சுன்னாகம், தெல்லிப்பழை ஆகிய நிலையங்கள் கழியும்போது செம்மண் தோட்டங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அம் மண்ணின் கீழே கிடப்பது சுண்ணாம்புக்கல். 2 கோடி 30 இலட்சம் ஆண்டுகளுக்கும் 50 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட மயோசின் காலத்தில், கடலடியிற் படிந்து இறுகிய பாறை அது.

காலையில் முதலிற் கீரிமலைக்குச் செல்லுதல் நன்று. கீரிமுகம் நீங்கப்பெற்ற நகுல முனிவர் கதையையும், குதிரைமுகம் மாறிய மாருதப்புரவீகவல்லி கதையையும் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நகுலேஸ்வரரைத் தரிசித்தபின் கேணிக்கு வாருங்கள். ஆணும் பெண்ணும் நீராடத் தனித்தனிக் கேணிகள் உள்ளன. மதிலுக்கு அப்பால் உவர்க்கடல், இப்பால் நன்னீர். இஃது எவ்வாறு?

ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை, கல்லின் வெடிப்புகளிலும் துளைகளிலும் இறங்கிச் சேர்கிறது. உவர்நீரினும் நன்னீர் பாரங் குறைந்தது. ஆதலால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் நிற்குமென்பது அறிஞர் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பதடிக்கு உவர் ஏறும் என்பதும் அதே கணக்குத்தான். அந் நன்னீர் கரையோரம் கசிந்து வெளிப்படும் வாயிலே கீரிமலை. ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத நமக்கு இக் கல்லே குளம். இக் கல்லே தொட்டி.

பிற்பகலிற் காங்கேசன்துறைக்குச் செல்லுங்கள். இங்கே 1950 இற் சீமெந்து ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அக்காலத்திற் கைத்தொழில் அமைச்சராயிருந்தவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம். கல் இவ்விடத்திலேயே கிடைத்தது. களிமண் மன்னார்ப் பகுதியின் முருங்கனிலிருந்து வந்தது. இரண்டையும் அரைத்துக் கலந்து, 1,450 பாகை வெப்பத்திற் சுட்டுச் சீமெந்து செய்தனர். பெருந்தொகையான குடும்பங்களுக்கு அவ்வாலை சோறிட்டது. 1990 இற் போர் ஆலையையும் நிறுத்தியது. சுற்றுப்புற ஊர்மக்களையும் பெயர்த்தது. போர் முடிந்தபின் அவர்கள் சிறிது சிறிதாகவே மீளக் குடியேறினர். சில இடங்கள் இன்னும் படையினர் வசமிருப்பதால், திறந்த வீதிவழியே மட்டும் செல்லுங்கள்.

ஆலையை மீண்டும் இயக்கவேண்டுமென்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. வேலையின்றி வாடும் இளைஞரை எண்ணுவோர் அதனைத் தள்ளிவிட முடியாது. ஆனால் கல்லை ஆழ அகழ்வது தொட்டியை உடைப்பதாகும். கரையோரத்திற் குழி ஆழ்ந்து, ஊறும் நன்னீரை இறைத்து அகற்றினால், அந்த இடத்துக்கு உவர்நீர் வரும். அப்பால் உள்ள தோட்டக் கிணறுகள் முதலில் அதனை உணரும். மழை ஆண்டுதோறும் வரும். அகழ்ந்த பாறை மீண்டும் வாராது.

ஆகவே தொழில் வரட்டும், கல் கிடக்கட்டும். சுட்ட கட்டிகளை வெளியிலிருந்து தருவித்து இங்கே அரைத்துச் சீமெந்தாக்கும் முறையும் உலகில் உண்டு. நாளை இதனைத் தீர்மானிக்கப் போகிறவர்கள் இன்றைய மாணவர்களே. அவர்கள் காலையிற் கேணி நீரில் மூழ்கி, மாலையில் அகழ்ந்த குழியின் ஓரத்தையும் பார்த்திருந்தால், அத் தீர்மானம் நிதானமாயிருக்கும். வீடு திரும்பியதும் உங்கள் கிணற்றை எட்டிப் பார்த்து, நீர் எத்தனை அடி ஆழத்தில் நிற்கிறதென்று அளந்து எழுதிவைக்கச் சொல்லுங்கள். அடுத்த பங்குனியில் மீண்டும் அளக்கட்டும்.