பிழைச் செய்தி காட்டாத பிழை

க.பொ.த. உயர்தரம், இரண்டாம் வருட மாணவி

கணினித் திரையில் சிவப்பு எழுத்து எதுவும் வராவிட்டால் நமக்கு நிம்மதி. நிரல் ஓடிவிட்டது, விடை வந்துவிட்டது, இனி செய்முறைக் கொப்பியில் எழுதிவிடலாம். சென்ற தவணை வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்கள் நூலகத்தில் இருக்கும் 52 சிறுகதைத் தொகுதிகளில் 15 தொகுதிகளை நான் எழுதிய நிரல் சத்தமில்லாமல் விட்டுவிட்ட பிறகு அந்த நிம்மதி போய்விட்டது.

நடந்தது இதுதான். எங்கள் நூலகப் பதிவேடு பழையது. ஓரங்கள் கிழிந்து, சில பக்கங்களில் மை மங்கிப்போய் இருக்கிறது. அதிலுள்ள 4,800 நூல்களின் விபரங்களையும் உயர்தர மாணவிகள் சிலர் சேர்ந்து தட்டச்சுச் செய்தோம். அவற்றை முகில் தரவுத்தளம் ஒன்றில் சேமித்து, பைதன் மொழியில் நிரல் எழுதி வினவிப் பார்ப்பது எங்களுக்கு நல்ல பயிற்சியாக இருக்கும் என்று தகவல் தொடர்பாடல் தொழினுட்ப ஆசிரியை சொன்னார். நாங்கள் தெரிவுசெய்தது அமேசானின் டைனமோடிபி. வீட்டில் இதைச் சொன்னபோது உம்மா கேட்டார்: “கொப்பியில எழுதித்தானே இருக்கு மகள், அதை ஏன் மேகத்துல கொண்டுபோய் வைக்கிறீங்க?”

உம்மாவுக்குச் சொன்ன விளக்கத்தையே இங்கும் சொல்கிறேன். மேகம் என்பது பெயர் மட்டும்தான். தரவுகள் இருப்பது வேறொருவருடைய கட்டடத்தில், வேறொருவருடைய கணினிகளில். எங்கள் பதிவுகள் இருப்பது சிங்கப்பூரில். இணையத்தின் வழியாக நாம் கேள்வி அனுப்புகிறோம், அங்கிருந்து விடை வருகிறது. வாசிக்கும் அளவுக்கு ஏற்பக் கட்டணம் கணக்கிடப்படுகிறது.

நமது பாடவிதானத்தில் நாம் முதலில் படிப்பது அட்டவணைகளை ஒன்றோடொன்று தொடர்புபடுத்தும் தரவுத்தளம். 1970இல் எட்கர் கோட் என்ற கணினி அறிஞர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையே அதற்கு அடித்தளம். அதில் தரவை ஒழுங்காக அடுக்கிவிட்டால் பிறகு எந்தக் கேள்வியையும் எஸ்கியூஎல் மொழியில் கேட்கலாம். நோஎஸ்கியூஎல் எனப்படும் வகை இதிலிருந்து வேறுபட்டது. எல்லாப் பதிவுக்கும் ஒரே மாதிரியான நிரல்கள் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. மிகப் பெரிய தரவைப் பல கணினிகளில் பிரித்து வைத்து விரைவாக எடுப்பதற்காக உருவானவை அவற்றில் பல. அமேசான் பொறியியலாளர்கள் டைனமோ என்ற தமது முறைமையைப் பற்றி 2007இல் கட்டுரை வெளியிட்டார்கள். 2012இல் டைனமோடிபி எல்லோரும் பயன்படுத்தக்கூடிய சேவையாக வந்தது. பைதனிலிருந்து அதனோடு பேசுவதற்கு போட்டோ3 என்ற நிரலகம் உண்டு.

டைனமோடிபியில் பல பதிவுகளை ஒன்றாகத் தேடி எடுக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று ஸ்கேன், மற்றையது குவெரி. நூலகத்தின் முதல் அலுமாரியிலிருந்து கடைசி அலுமாரி வரை ஒவ்வொரு நூலையும் எடுத்துப் பார்த்து, “இது சிறுகதையா?” என்று கேட்டுக்கொண்டே போவது ஸ்கேன். ‘சிறுகதை’ என்று எழுதிய அலுமாரிக்கு நேரே போய் நிற்பது குவெரி.

நான் எழுதியது ஸ்கேன். வகை ‘சிறுகதை’ என இருப்பவற்றை மட்டும் தா என்று வடிகட்டி ஒன்றையும் சேர்த்தேன். சில வரிகள்தான். ஓட்டினேன், 37 நூல்களின் பட்டியல் வந்தது. அழகாக அச்சிட்டு நூலகப் பொறுப்பாசிரியையிடம் கொடுத்தேன். அவர் பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “மகள், நம்ம ஊர் எழுத்தாளருடைய தொகுதி எங்கே? அதுக்கு இலக்கம் ஒட்டினது நான்தானே” என்றார். “கம்ப்யூட்டர் தந்த பட்டியல் டீச்சர்” என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என்னை அலுமாரியடிக்கு அழைத்துப் போனார். இருவரும் கையால் எண்ணினோம். 52.

அன்றிரவு ஆவணங்களை வாசித்தபோதுதான் காரணம் புரிந்தது. ஸ்கேன் ஆனாலும் குவெரி ஆனாலும் ஒரு தடவை கேட்டால் டைனமோடிபி ஆகக்கூடியது 1 மெகாபைட் தரவைத்தான் வாசிக்கும். அதோடு நின்றுவிடும். வடிகட்டி வேலை செய்வது வாசித்து முடித்த பிறகே. எங்கள் பதிவொன்று சராசரியாக 300 பைட். ஆகவே சுமார் 3,500 நூல்களோடு அது நின்றுவிட்டது. மிச்சம் 1,300 நூல்களைத் தொடவேயில்லை.

அது என்னை ஏமாற்றவில்லை என்பதையும் சொல்லவேண்டும். விடையோடு ‘லாஸ்ட் இவாலுவேட்டட் கீ’ என்ற அடையாளம் ஒன்றையும் அனுப்பியிருந்தது. நான் இந்த இடத்தில் நிறுத்தினேன், மிச்சம் வேண்டுமானால் இங்கிருந்து தொடரும்படி கேள் என்பதே அதன் பொருள். எத்தனை பதிவுகளை வாசித்தது என்ற எண்ணிக்கையும் விடையில் இருந்தது. நான் நூல்களின் பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பார்க்கவில்லை. அந்த அடையாளம் வராமல் போகும் வரை திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரு ‘வைல்’ சுழற்சியைச் சேர்த்தபோது 52 நூல்களும் வந்தன.

இதில் தமிழில் தரவு வைத்திருக்கும் நாம் கவனிக்கவேண்டிய ஒன்றும் உண்டு. யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்தொன்றுக்கு 1 பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் வேண்டும். ‘நூல்’ என்ற சொல்லில் ந, ஊகாரக் குறி, ல, புள்ளி என நான்கு குறிகள், ஆக 12 பைட். அதே பொருளுள்ள ஆங்கிலச் சொல்லுக்கு 4 பைட்தான். எனவே ஆங்கில மாதிரித் தரவோடு சரியாக ஓடும் நிரல், தமிழ்த் தரவோடு முன்னதாகவே அந்த 1 மெகாபைட் எல்லையில் போய் முட்டும். பிறர் எழுதிய நிரலை அப்படியே பிரதி செய்கின்றவர்களுக்கு இது தெரியவராது.

இனிச் செலவைப் பார்ப்போம். வழமையான முறையில் 8 கிலோபைட் வாசித்தால் ஓர் அலகு. சிறுகதைகளைத் தேட 4,800 பதிவுகளையும் ஸ்கேன் செய்தால் சுமார் 176 அலகுகள். வடிகட்டி எத்தனையைக் கழித்தாலும் கணக்கு குறையாது, ஏனெனில் வாசித்தது வாசித்ததுதான். பிறகு நாங்கள் அட்டவணையை மாற்றியமைத்தோம். நூலின் வகையைப் பிரிப்புச் சாவியாகவும் சேர்வு இலக்கத்தை வரிசைச் சாவியாகவும் வைத்தோம். இப்போது அதே கேள்வியைக் குவெரியாகக் கேட்டால் 2 அலகுகள் போதும். விடை இரண்டிலும் ஒன்றுதான். பரீட்சையில் இரண்டுக்கும் ஒரே புள்ளி கிடைக்கலாம். ஆனால் ஒருத்தி 176 செலவழித்தாள், மற்றவள் 2 செலவழித்தாள்.

அந்த மாற்றத்தைச் செய்வதற்கு முன் நூலகத்துக்கு வருகின்றவர்கள் என்ன கேட்பார்கள் என்று உட்கார்ந்து எழுதவேண்டியிருந்தது. வகையால் தேடுவார்களா, ஆசிரியர் பெயரால் தேடுவார்களா? இந்த வகைத் தரவுத்தளத்தில் கேள்விகளை முதலில் எழுதி, அவற்றுக்கு ஏற்பவே சாவிகளைத் தெரிவுசெய்யவேண்டும். ஆசிரியர் பெயரால் தேட இன்னொரு சுட்டி வேண்டியிருந்தது. அதற்காக நூலகத்தில் இரண்டு இடைவேளைகள் நின்று, வருகின்ற மாணவிகள் கேட்பதைக் குறித்துக்கொண்டேன். என் நிரலாக்கத்தில் மிகவும் பயன்பட்ட வேலை அதுதான்.

5,000 நூல்கூட இல்லாத நூலகத்துக்கு இதெல்லாம் தேவையா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. எங்கள் நூலகத்துக்குச் சாதாரணத் தரவுத்தளமே போதும், எதிர்பாராத கேள்விகளுக்கு அதுவே வசதியும்கூட. புதியது என்பதற்காக ஒன்றைத் தெரிவுசெய்வது அறிவல்ல. நாங்கள் கற்பதற்காகச் செய்தோம். சிறிய தரவில் பிழை விட்டதால் அலுமாரிக்குப் போய் எண்ணிப் பார்க்க முடிந்தது. பெரிய தரவில் அப்படி எண்ணுவதற்கு அலுமாரி இராது.

அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. அது நூல்பட்டியலாக இல்லாமல் வெள்ள நிவாரணப் பட்டியலாகவோ புலமைப்பரிசில் பட்டியலாகவோ இருந்திருந்தால்? விடுபட்ட 15 பேரும், கம்ப்யூட்டரில் பெயர் இல்லை என்ற பதிலைக் கேட்டுத் திரும்பிப் போயிருப்பார்கள். நானும் அன்று ஆசிரியையிடம் அந்தப் பதிலைத்தானே சொன்னேன்?

ஆகவே தோழிகளே, நிரல் ஓடியதும் எழுந்துவிடாதீர்கள். எத்தனை பதிவுகளை வாசித்தது, எங்கே நிறுத்தியது என்று பாருங்கள். கையால் எண்ணக்கூடிய ஒரு பகுதியையாவது எண்ணி ஒப்பிடுங்கள். பெற்றோர்களே, பிள்ளை கணினி முன் இருக்கும்போது, “முடிஞ்சதா?” என்று கேட்பதோடு, “சரியென்று எப்படித் தெரியும்?” என்றும் கேளுங்கள். அதைக் கேட்க பைதன் தெரிந்திருக்கத் தேவையில்லை. செய்முறை வேலைக்குப் புள்ளியிடும் ஆசிரியைகள், சரிபார்த்த முறைக்கும் சில புள்ளிகளை ஒதுக்கினால் நன்று.

52 நூல்களின் பட்டியல் இப்போது நூலகக் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. முதலில் அச்சிட்ட 37 நூல்களின் பட்டியலை நான் எறியவில்லை. மடித்து என் செய்முறைக் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன்.