பெயருக்கு வேலி உண்டு, உழைப்பவனுக்கு?

நிலத்தைக் குத்தகைக்கு விடுவார்கள், அறிவோம். வீட்டை வாடகைக்கு விடுவார்கள், அதையும் அறிவோம். பெயரைக் குத்தகைக்கு விடும் வாணிபத்தை அறிவீர்களா, தோழர்களே? அதற்குத்தான் ‘பிரான்சைஸ்’ என்று பெயர். கடை ஒருவருடையது, போட்ட முதல் அவருடையது, நட்டம் வந்தால் அதுவும் அவருடையதே! பெயர்ப்பலகையும் பண்டம் செய்யும் பக்குவமும் மட்டும் இன்னொருவருடையவை. அந்தப் பெயருக்காக விற்பனையில் ஒரு பங்கை அளந்துகொண்டே இருக்கவேண்டும்.

குத்தகை முறிந்தால் என்ன நேரும்? தில்லியில் நடந்ததைப் பாருங்கள்.

அமெரிக்காவின் மெக்டொனால்ட்ஸ் நிறுவனமும் தில்லித் தொழிலதிபர் விக்ரம் பக்ஷியும் 1995இல் பாதிக்குப் பாதி பங்கு போட்டுக் கூட்டுக் கம்பெனி கண்டனர். 1996இல் தில்லி வசந்த விகாரில் முதல் கடை. பிறகு வடக்கிலும் கிழக்கிலும் கடைகள் பெருகின. 2013இல் பங்காளிச் சண்டை மூண்டது. நிர்வாக இயக்குநர் பதவியிலிருந்து பக்ஷி இறக்கப்பட்டார். வழக்கு மேல் வழக்கு! 2017 ஜூலையில் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் அவரை மீண்டும் பதவியில் அமர்த்தியது. ஆகஸ்டில், சேரவேண்டிய உரிமைத்தொகை வரவில்லை என்று கூறி, ஒப்பந்தத்தையே முறித்தது மெக்டொனால்ட்ஸ். 169 கடைகள்! 15 நாட்களில் பெயரை நீக்கு, சின்னத்தை இறக்கு, பக்குவத்தைக் கைவிடு என்றது கட்டளை.

அதற்கு முன்பே, அவ்வாண்டு ஜூன் இறுதியில், உணவுக்கூட உரிமங்கள் புதுப்பிக்கப்படாமல் தில்லியில் 43 கடைகள் மூடப்பட்டன. சுமார் 1,700 பேரின் வேலை ஊசலாடிற்று. அவர்கள் செய்த குற்றம் என்ன? ரொட்டி சுட்டதா? மேசை துடைத்ததா?

2019 மே மாதத்தில் சமரசம் பிறந்தது. பக்ஷியின் பங்கை மெக்டொனால்ட்ஸே வாங்கிக்கொண்டது. பெரியவர்கள் கணக்கைத் தீர்த்துக்கொண்டார்கள். இடையில் ஆறாண்டுக் காலம் நாளை கடை திறக்குமா என்ற கவலையோடு வேலைக்குப் போனவனுக்கு அந்தக் கணக்கில் இடமேது?

பெயரைக் காப்பது பிழை என்று நாம் கூறவில்லை. பலகையைத் திருடுகிறவன், அதை நம்பிக் காசு கொடுப்பவனையும் ஏமாற்றுகிறான். அதனைத் தடுக்க 1999ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டம் இருக்கிறது. நீதிமன்றமும் துணை நிற்கிறது. குஜராத் பாட்டிலிங் கம்பெனிக்கும் கோகோ கோலாவுக்கும் நடந்த வழக்கில், ஒப்பந்தம் உயிரோடிருக்கும் வரை போட்டியாளரின் பண்டத்தைத் தொடாதே என்று கட்டுப்படுத்துவது தொழில் தடையாகாது என 1995இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெயருக்கு வேலி பலமாகவே இருக்கிறது!

பெயரை வாங்கிக் கடை வைப்பவனுக்கு என்ன இருக்கிறது? அமெரிக்காவில் 1979 முதல் ஒரு விதி நடப்பில் உள்ளது. இன்று அதன்படி, கையெழுத்துக்கு 14 நாட்களுக்கு முன்பே, கட்டணம் எவ்வளவு, வழக்கு ஏதும் உண்டா என்பது உள்ளிட்ட 23 விவரங்களைப் பெயருக்குரியவர் எழுத்தில் தந்தாக வேண்டும். இந்தியாவிலோ இதற்கெனத் தனிச்சட்டம் இல்லை. வெள்ளைக்காரன் 1872இல் இயற்றிய ஒப்பந்தச் சட்டமே பெருந்துணை! சேமிப்பையெல்லாம் கொட்டிக் கடை திறக்கும் சிறு வியாபாரி, பெருங்கம்பெனி அச்சடித்து நீட்டும் தாளில் கையெழுத்திடுகிறான். அவர்கள் சமமானவர்களாம்! யானையும் ஆடும் சமமென்பது போல.

நிலக் குத்தகைக்காரனை நினைத்தபோது வெளியேற்றாமல் காக்க 1955இலேயே சென்னை இராஜ்யத்தில் சட்டம் பிறந்தது. பெயர்க் குத்தகைக்கு மட்டும் ஏன் கூடாது?

நாம் கேட்பது மூன்றே. கையெழுத்துக்கு முன் உண்மை விவரம் முழுவதும் தரப்படட்டும். முறிப்பதென்றால் தக்க காரணமும் போதிய அவகாசமும் வேண்டும். முறிந்தால், எந்தத் தரப்பு வென்றாலும் தொழிலாளியின் கூலிக்கும் வேலைக்கும் யார் பொறுப்பு என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்படவேண்டும்.

பெயர் தானாக அடுப்பு மூட்டுவதில்லை. மூட்டுகிற கைக்கும் சட்டத்தில் ஒரு வரி வேண்டும்!