கறை போக்க ஆசிட் எதற்கு?



உங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரை ஒருமுறை உற்றுப் பாருங்கள். கட்டிய புதிதில் முகம் தெரியும்படி பளபளத்த டைல்ஸ் இப்போது எப்படி இருக்கிறது? குழாயைச் சுற்றி வெள்ளைத் திட்டு. வாளி வைக்கும் இடத்தில் பழுப்புக் கோடு. டைல்ஸ் இடுக்குகளில் கறுப்புப் புள்ளிகள். எவ்வளவு தேய்த்தாலும் போவதில்லை. உடனே வீட்டில் இரண்டு யோசனைகள் எழும். "எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டுப் புது டைல்ஸ் போடலாம்" என்பது ஒன்று. அதற்குப் பணத்துக்கு எங்கே போவது என்றதும், "கடையில் ஒரு பாட்டில் ஆசிட் வாங்கி ஊற்று" என்பது மற்றொன்று.

இரண்டுமே வேண்டாம் என்பது என் கருத்து. பழைய டைல்ஸைப் புதுப்பிக்கப் பெரும்பாலும் பள்ளிக்கூட வேதியியலும் கொஞ்சம் பொறுமையும் போதும். எப்படி என்று பார்ப்போம்.

கறை ஒன்றல்ல, நான்கு

கறை என்று ஒரே சொல்லால் சொன்னாலும் அது ஒரே பொருள் அல்ல. நோய் இன்னதென்று தெரியாமல் மருந்து கொடுக்கலாமா?

வெள்ளைத் திட்டு, கடின நீரின் வேலை. ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்திருக்கின்றன. நீர் சுவரில் தங்கி உலரும்போது கால்சியம் பைகார்பனேட்டு சிதைகிறது. கரியமில வாயு வெளியேறுகிறது. நீரில் கரையாத கால்சியம் கார்பனேட்டு சுவரில் படிகிறது. சுண்ணாம்புக் கல்லும் இதே பொருள்தான்.

எவ்வளவு படியும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்திய தர நிர்ணய அமைவனம் 2012ஆம் ஆண்டு வெளியிட்ட குடிநீர்த் தரத்தின்படி, நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டு நீர் 600 என்று வைத்துக்கொள்வோம். தினமும் அரை லிட்டர் நீர் சுவரிலும் தரையிலும் தங்கி உலர்ந்தால் 0.3 கிராம் படியும். ஓர் ஆண்டில் சுமார் 110 கிராம்! பத்து ஆண்டில் ஒரு கிலோவுக்கு மேல். நாம் அறியாமலே சுவரில் ஒரு சுண்ணாம்புப் பாறையை வளர்த்து வருகிறோம்.

இரண்டாவது, வழவழப்பான சாம்பல் நிறப் படலம். சோப்பில் உள்ள கொழுப்பு அமிலம் கடின நீரின் கால்சியத்தோடு சேர்ந்து, நீரில் கரையாத ஒரு பொருளாகி மெழுகுபோல் ஒட்டிக்கொள்கிறது. மூன்றாவது, பழுப்புக் கறை. இது நீரிலிருந்த இரும்பு, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்ததால் உண்டான துரு. நான்காவது, கறுப்புப் புள்ளி. இது உயிருள்ளது, ஈரத்தில் வளரும் பூஞ்சை.

கறைக்கு ஏற்ற மருந்து

வெள்ளைத் திட்டுக்கு மென்மையான அமிலமே போதும். கடைகளில் விற்கும் வினிகரில் சுமார் 5 சதவீதம் அசெட்டிக் அமிலம் உண்டு. இத்தகைய வினிகர் 100 மில்லிலிட்டர், கணக்குப்படி சுமார் 4 கிராம் கால்சியம் கார்பனேட்டைக் கரைக்கும். எலுமிச்சைச் சாற்றிலுள்ள சிட்ரிக் அமிலமும் இவ்வாறே வேலை செய்யும். ஆனால் மென்மையான அமிலத்துக்கு நேரம் வேண்டும். சுவரில் ஊற்றினால் வழிந்து ஓடிவிடும். ஆகவே பழந்துணியை வினிகரில் நனைத்துத் திட்டின்மேல் ஒட்டி, அரைமணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். தொடங்குமுன் இடுக்குகளைப் பச்சைத் தண்ணீரால் நன்றாக நனைத்துவிடுவது நல்லது. அங்குள்ள நுண்துளைகளில் நீர் நிறைந்துவிட்டால் அமிலம் அதிகம் உள்ளே போகாது.

சோப்புப் படலத்துக்கும் முதலில் இதே வைத்தியம்தான். அமிலம் கால்சியத்தைப் பிரித்துவிடும். மிஞ்சும் கொழுப்பைச் சலவைத் தூள் கரைத்த வெந்நீர் கொண்டுபோகும். துருக் கறையைப் போக்க எலுமிச்சைச் சாறு ஏற்றது. சிட்ரிக் அமிலம் இரும்பைப் பற்றி இழுத்துக்கொள்ளும். பூஞ்சைக்கு மட்டுமே பிளீச்சிங் பவுடர். அதையும் நீரில் கரைத்து, சன்னலைத் திறந்துவைத்து, பெரியவர்களே செய்ய வேண்டும்.

செங்கல் பொடியும் இரும்பு நாரும் வேண்டாம். செங்கல் பொடியிலுள்ள மணலின் குவார்ட்ஸ் மோவின் கடினத்தன்மை அளவில் 7. கால்சியம் கார்பனேட்டுப் படிவின் கடினத்தன்மை 3தான். கறையைச் சுரண்டப் போய் டைல்ஸின் பளபளப்பையே சுரண்டிவிடுவோம். கீறல் விழுந்த இடத்தில் அழுக்கு இன்னும் எளிதாகத் தங்கும்.

எல்லாம் முடிந்த பிறகும் இடுக்குகள் அசிங்கமாகத் தெரிந்தால், பழைய பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு வெள்ளைச் சிமெண்ட் குழைத்து நிரப்பலாம். டைல்ஸ் மாற்றும் செலவில் இது ஒரு சிறு பங்குதான். சுவரோ புதிதுபோல் தெரியும்.

ஆசிட் என்ன செய்யும்?

"ஆசிட் ஊற்றினால் ஐந்தே நிமிடத்தில் போய்விடுமே!" என்று கேட்பீர்கள். உண்மைதான். கடையில் ஆசிட் என்று விற்பது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். டைல்ஸின் மேற்பூச்சு கண்ணாடி போன்றது. அதை இந்த அமிலம் எளிதில் அரிப்பதில்லை. அதனால்தான் கெடுதல் உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் இடுக்கில் இருப்பது சிமெண்ட். அதை ஆசிட் கரைத்துவிடும். திறந்த இடுக்கு வழியாக நீர் பின்னால் இறங்கும். நாளடைவில் டைல்ஸ் பிடிப்பு விட்டுக் கழன்று வரும். குழாயின் பளபளப்பும் ஆசிட் புகையால் கெடும்.

மொசைக் தரை உள்ள வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். அதில் பதித்துள்ள சலவைக்கல் துண்டுகளும் கால்சியம் கார்பனேட்டே. கடப்பாக் கல்லும் ஒருவகைச் சுண்ணாம்புக் கல்தான். கறை எது, தரை எது என்று அமிலத்துக்குத் தெரியாது. இத்தகைய தரைக்கு வினிகரும் எலுமிச்சையும்கூட ஆகாது. சலவைத் தூள் மட்டுமே. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை நமக்கு வேண்டாம்.

தரை போனாலும் பரவாயில்லை. அந்தப் பாட்டிலைக் கையில் பிடிப்பவர் யார்? பெரும்பாலும் அம்மா, அல்லது கூலிக்கு வரும் ஓர் அக்கா. கையுறை கிடையாது. சின்ன அறை, சிறிய சன்னல். அந்தப் புகை மூக்கையும் தொண்டையையும் எரிக்கிறது. ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. ஐந்து நிமிடம் மிச்சம் என்று சொல்லும்போது இதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

இன்னொரு கொடுமையும் உண்டு. ஆசிட் ஊற்றிய இடத்தில் "இன்னும் வெளுக்கட்டும்" என்று பிளீச்சிங் பவுடரைத் தூவுகிறார்கள். உடனே குளோரின் வாயு கிளம்பும். 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 22 அன்று, பெல்ஜியம் நாட்டின் ஈப்ர் போர்முனையில் ஜெர்மானியர் படை எதிரிகள்மீது திறந்துவிட்ட விஷவாயு இதுவே. போர்க்களத்து வாயுவை மூடிய குளியலறையில் நாமே தயாரிக்கலாமா? வினிகரோடு கலந்தாலும் இதே ஆபத்துதான். ஆகவே ஒரு நாளில் ஒரு மருந்து மட்டுமே. அடுத்ததைத் தொடுமுன் நீர் ஊற்றி நன்றாகக் கழுவிவிட வேண்டும்.

உங்களுக்கென்றே ஒரு செய்தி. ஆசிட் வீச்சு வழக்கு ஒன்றில் 2013ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி, 18 வயது நிரம்பாதவர்களுக்குக் கடையில் ஆசிட் விற்கக் கூடாது. "கடைக்குப் போய் ஆசிட் வாங்கி வா" என்று யாராவது அனுப்பினால், மரியாதையாக மறுத்து இதைச் சொல்லுங்கள்.

நுரை கண்டு மயங்காதீர்கள்

சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்தால் "புஸ்" என்று நுரை பொங்கும். அது கறையைப் பிடுங்கி எடுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். வகுப்பில் படித்ததை நினைத்துப் பாருங்கள். அமிலமும் காரமும் சேர்ந்தால் என்ன ஆகும்? ஒன்றையொன்று நடுநிலையாக்கிவிடும். மிஞ்சுவது பெரும்பாலும் சோடியம் அசெட்டேட்டு கலந்த நீர். நுரையாக வெளியேறுவது வெறும் கரியமில வாயு. இரண்டு நல்ல பொருள்களைச் சேர்த்து இரண்டையும் வீணாக்குகிறோம். தனித்தனியே பயன்படுத்தினால் இரண்டும் உதவும்.

எல்லாவற்றிலும் மலிவான மருந்து ஒன்று இருக்கிறது. குளித்து முடித்ததும் சுவரையும் தரையையும் ஒரு துணியால் துடைத்துவிடுவதுதான் அது. நீர் உலர்ந்தால்தானே உப்பு படியும்? நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். குளியலறையில் அருகருகே இரண்டு டைல்ஸைச் சுத்தம் செய்யுங்கள். ஒன்றை நாள்தோறும் துடையுங்கள். மற்றொன்றை அப்படியே விடுங்கள். ஒரு மாதம் கழித்து இரண்டையும் வீட்டாருக்குக் காட்டுங்கள். அதற்குப் பிறகு அந்தத் துணியை எடுப்பது அம்மாவின் வேலை மட்டுமல்ல, குளிப்பவர் ஒவ்வொருவரின் வேலையும் என்று சொல்ல உங்களுக்குத் துணிவு வரும்.