பிழைக்கு யார் காசு கட்டுவது?

ரொம்ப நாளாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. செமஸ்டர், அசைன்மென்ட் என்று ஒரே ஓட்டம். நடுவில் வகுப்பில் நடந்த ஒரு சின்ன விஷயம் மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டு இருக்கிறது. அதை இறக்கி வைக்கத்தான் இந்தப் பதிவு.

பிசினஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வகுப்பு. முதல்வகைப் பிழை, இரண்டாம்வகைப் பிழை நடத்திக்கொண்டிருந்தார் சார். இல்லாத ஒன்றை இருக்கிறது என்று சொல்லிவிட்டால் முதல்வகை. இருப்பதை இல்லை என்று விட்டுவிட்டால் இரண்டாம்வகை. வழக்கமான பல்பு கம்பெனி உதாரணம்தான். நல்ல பல்பைத் தூக்கி எறிவது ஒரு தப்பு, கெட்ட பல்பைக் கடைக்கு அனுப்புவது இன்னொரு தப்பு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான வகுப்பு என்பதால் பாதிப் பேர் தூக்கத்தில் (நானும்தான்). அப்போது தூத்தூர் பக்கத்திலிருந்து வருகிற நண்பன் எழுந்து கேட்டான்:

"சார், பல்பு தப்பாப் போனா கம்பெனிக்கு நட்டம். புயல் கணக்கு தப்பாப் போனா நட்டம் யாருக்கு?"

வகுப்பே அமைதியாகிவிட்டது. சாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு அவன் எதைச் சொல்கிறான் என்று விளக்க வேண்டாம். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அவன் கேள்வியைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்ப்போம்.

எந்த அறிவியலை எடுத்தாலும் இரண்டு வேலைதான் நடக்கிறது. ஒன்று, நிஜத்தைச் சுருக்கிச் சில சமன்பாடுகளுக்குள் அடைப்பது. அது மாதிரி. இரண்டு, அந்த மாதிரி சொல்வதை நிஜத்தோடு உரசிப் பார்ப்பது. அது பரிசோதனை. வானிலை, காற்றாலை, நெல், சந்தை விலை என்று எதற்கும் இதுதான். சுருக்கும்போது ஏதாவது விட்டுப்போகும். அதனால் எல்லா மாதிரியிலும் பிழை உண்டு. வானிலையைச் சமன்பாடு போட்டுக் கணிக்க முதலில் முயன்றவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர். 1910 மே 20 அன்று நடந்து முடிந்த வானிலையையே எடுத்துக் கையால் கணக்குப் போட்டார். ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் மாறும் என்று விடை வந்தது. நிஜத்தில் அன்று அழுத்தம் பெரிதாக மாறவே இல்லை! மனிதர் அதை மறைக்காமல் 1922-இல் தன் புத்தகத்தில் அப்படியே அச்சடித்தார். இன்றைய கம்ப்யூட்டர் கணிப்புகள் பலவும் அவர் போட்ட பாதையில்தான் நடக்கின்றன. அந்தப் பிழையால் யாருக்கும் நட்டமில்லை, காகிதம்தான் செலவு.

என் கட்சி இதுதான். மாதிரியில் பிழை இருப்பது குற்றமில்லை. அந்தப் பிழைக்கு யார் காசு கட்டுகிறார்கள் என்பதை முதலிலேயே கேட்காமல் விடுவதுதான் குற்றம். நம்ம ஊரிலேயே மூன்று உதாரணம் இருக்கிறது.

முதலில் நெல். நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் திருப்பதிசாரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டிபிஎஸ் 3, டிபிஎஸ் 5 என்று நெல்லுக்குப் பெயர் கேட்டிருப்பீர்களே, அந்த டிபிஎஸ் திருப்பதிசாரம்தான். ஒரு புது ரகம் வந்தால் நேராக விவசாயி கையில் கொடுத்துவிட மாட்டார்கள். வயலைச் சின்னச் சின்னப் பாத்தியாகப் பிரித்து, எந்தப் பாத்தியில் எந்த ரகம் என்று குலுக்கல் போட்டு, ஒரே ரகத்தைப் பல இடத்தில் திரும்பத் திரும்ப நட்டு அளப்பார்கள். பிறகு மற்ற ஆராய்ச்சி நிலையங்களிலும், அப்புறம் விவசாயிகளின் வயலிலும் நட்டுப் பார்ப்பார்கள். இந்தக் குலுக்கல் முறையை ஒழுங்குபடுத்தியவர் ரொனால்ட் ஃபிஷர். 1919-இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டட் வேளாண் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். நம்ம ஸ்டாட்டிஸ்டிக்ஸ் புத்தகத்தில் பாதி அவர் சரக்குதான். (பெயருக்கு அர்த்தம் மீனவர். ஆனால் வேலை பார்த்தது வயலில் :-)) ஒரு ரகம் சரியில்லை என்றால் அது ஆராய்ச்சி நிலையத்தின் பாத்தியிலேயே தோற்றுவிடும். ஒரு விவசாயியின் ஒரு பூ விளைச்சல் தப்பும். பிழைக்கு நிலையம் காசு கட்டுகிறது. நியாயமான ஏற்பாடு.

அடுத்தது காற்றாலை. ஆரல்வாய்மொழி கணவாய் வழியாகப் பஸ்ஸில் போனவர்களுக்கு முப்பந்தல் காற்றாடிகளைத் தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளியில் புகுந்து வேகமெடுக்கும். காற்றிலிருந்து கிடைக்கும் சக்தி, வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. நிஜ வேகம் நாம் கணித்ததைவிட 10% குறைவாக இருந்துவிட்டது என்று வையுங்கள். 0.9 × 0.9 × 0.9 = 0.729. அதாவது காற்றின் சக்தியில் சுமார் 27% காலி! அதனால் பேங்க்காரர்கள் சும்மா மாதிரியை நம்பிக் கடன் கொடுப்பதில்லை. கோபுரம் நட்டு, குறைந்தது ஒரு வருஷமாவது காற்றை அளந்த கணக்கைக் கேட்பார்கள். அதிலும் சராசரி உற்பத்தியைப் பார்த்து ஏமாறாமல், நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பில் இவ்வளவாவது நிச்சயம் கிடைக்கும் என்கிற குறைந்த எண்ணையும் எடுத்துப் பார்ப்பார்கள். இதற்குப் பி90 என்று பெயர். காமர்ஸ் படிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிழைக்குத் தான் காசு கட்ட வேண்டி வரும் என்றால் பேங்க் எவ்வளவு உஷாராக இருக்கிறது பாருங்கள்.

மூன்றாவது, நம்ம சப்ஜெக்ட். விலை குறைந்த இடத்திலிருந்து விலை கூடின இடத்துக்குச் சரக்கு போகும், கடைசியில் எல்லா இடத்திலும் ஒரே விலை வந்துவிடும் என்று எக்கனாமிக்ஸ் புத்தகம் சொல்கிறது. மற்றவை மாறாதிருக்கும்போது என்று ஒரு வரியும் போட்டுவிடுவார்கள். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் இதை வட கேரளக் கடற்கரையில் அளந்து பார்த்து 2007-இல் எழுதினார். 1997 ஜனவரி 14 காலையில் வடகரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் மத்தியைக் கடலில் கொட்டத் தயாராக நின்றார்களாம். அதே நேரத்தில் 15 கிலோமீட்டருக்குள் வேறு கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் திரும்பிக்கொண்டிருந்தார்கள்! பிறகு செல்போன் வந்தது. கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு என மூன்று மாவட்டத்துக்கும் வெவ்வேறு காலத்தில் வந்ததால், தானாகவே ஒரு பரிசோதனை அமைந்துவிட்டது. போன் வந்த இடத்தில் கரைக்குக் கரை இருந்த விலை வித்தியாசம் சுருங்கியது. வீணாகிக்கொண்டிருந்த 5 முதல் 8% மீன் வீணாகவில்லை. மீனவர் லாபம் சராசரியாக 8% கூடியது, வாங்குகிறவர்களுக்கு விலை 4% குறைந்தது.

புத்தகம் கடைசியில் ஜெயித்துவிட்டதே என்று குதிக்க வேண்டாம். எல்லோருக்கும் எல்லா விலையும் தெரியும் என்று புத்தகம் எடுத்துக்கொண்ட அந்த ஒரு வரியின் பிழைக்கு, போன் வரும்வரை காசு கட்டியது மத்தியைக் கொட்டின மீனவர்தான். நம்ம கரையில் இன்னொன்றும் உண்டு. ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கினவர், பக்கத்துக் கரையில் நல்ல விலை என்று போனில் தெரிந்தாலும் அங்கே போய் விற்க முடியாது. அந்தக் கடனுக்குச் சமன்பாட்டில் எங்கே இடம்?

சரி, ஒக்கிக்கு வருவோம்.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா நடந்துகொண்டிருந்த சமயம். காலையில் ஊளையிட்ட காற்றில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நின்ற ஏத்தன் வாழை மொத்தமும் சாய்ந்தது. ரப்பர் மரங்கள் முறிந்து ரோட்டில் கிடந்தன. கரண்டு வர நாள் கணக்கானது. கரையில் இருந்த எங்களுக்கு இவ்வளவுதான். கடலில் நூற்றுக்கணக்கில் ஆட்கள் போனார்கள். நண்பனின் தாய்மாமன் போன படகு பத்து நாள் கழித்து வேறு மாநிலத்தில் கரையேறியது. பக்கத்து வீட்டுப் படகு வரவே இல்லை.

என்ன நடந்தது? நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையில் குமரிக் கடலில் புயலாகிவிட்டது. ஒரே நாள்! கடலுக்குப் போக வேண்டாம் என்ற எச்சரிக்கை 29-ஆம் தேதியே வந்தது. ஆனால் புயல் என்ற வார்த்தை 30-ஆம் தேதி மதியம்தான் வந்தது. கரைக்கு இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு வேகமாக வலுப்பெறும் புயலைக் கணிப்பது உலகத்தில் எங்கேயும் கஷ்டம். அதனால் வானிலைத் துறையை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு மனசில்லை. ஆனால் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக்காரர்கள் ஒரு நாள் கடலுக்குப் போய் வருகிறவர்கள் இல்லை. வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குகிறவர்கள். 29-ஆம் தேதிக்கு முன்பே போய்விட்டார்கள். அவர்கள் நின்ற இடத்துக்கு செல்போனும் எட்டாது, கரையிலிருந்து வயர்லெஸ்ஸும் எட்டாது. "போகாதே" என்ற எச்சரிக்கை, ஏற்கெனவே போய்விட்டவனுக்கு என்ன பிரயோஜனம்?

இதற்குப் பிறகு ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2019-இல் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் ஜெமினி என்று ஒரு கருவி கொண்டுவந்தது. செயற்கைக்கோளிலிருந்து எச்சரிக்கையை வாங்கி மீனவரின் செல்போனுக்குக் கொடுக்கும். நல்ல விஷயம். ஆனால் இது ஒருவழிப் பாதை. எச்சரிக்கை வரும், பதில் போகாது.

இப்போது முதல்வகைப் பிழையையும் பார்க்க வேண்டும். பயந்துபோய் எதற்கெடுத்தாலும் "போகாதே" என்று சொன்னால் என்ன ஆகும்? ஐஸ் போட்டு, டீசல் அடித்து, அரிசி ஏற்றி வைத்த படகு சும்மா நிற்கும். அந்த நாள் கூலி போச்சு. நாலு தடவை புயல் வராமல் போனால் ஐந்தாவது தடவை யாரும் கேட்க மாட்டார்கள். ஆக, புயல் என்று சொல்லி வராவிட்டாலும் மீனவர் கட்டுகிறார், சொல்லாமல் வந்தாலும் மீனவர்தான் கட்டுகிறார். முதலாவது கூலி, இரண்டாவது உயிர். நெல்லில் நிலையம் கட்டுகிறது. காற்றாலையில் பேங்க் பி90 போட்டுத் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. கடலில் மட்டும் இரண்டு பில்லும் ஒரே ஆளிடம்!

அதனால் ஒரு பி.காம். மாணவனாக எனக்குத் தோன்றுவது மூன்று.

ஒன்று, போகலாம், போகாதே என்று மட்டும் சொல்லாமல், எவ்வளவு வாய்ப்பு என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பேங்குக்குப் புரிகிற எண், பரம்பரையாகக் காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துத் தொழில் செய்கிறவருக்குப் புரியாதா?

இரண்டு, எச்சரிக்கையால் தொழிலுக்குப் போகாத நாளுக்கு ஒரு தொகை கணக்கு வைக்க வேண்டும். மீன்பிடித் தடைக்காலத்துக்கு நிவாரணம் கொடுக்கிறோமே, அதே மாதிரி. முதல்வகைப் பிழைக்கு அரசு காசு கட்டினால், சந்தேகம் வந்ததும் தைரியமாக எச்சரிக்கை கொடுக்கலாம். மீனவரும் கேட்பார்.

மூன்று, ஆழ்கடல் படகுகளே அளவெடுக்கும் நிலையங்களாக வேண்டும். நிலத்தில் ஊருக்கு ஊர் மழைமானி உண்டு. நடுக்கடலில் அளக்கும் கருவிகள் குறைவு. அந்த இடத்தில்தான் நம்ம ஆட்கள் வாரக்கணக்கில் நிற்கிறார்கள். காற்றழுத்தமானி ஒன்றும், அளவைத் திருப்பி அனுப்ப ஒரு வழியும் கொடுத்தால், மாதிரிக்கு நல்ல தீனி கிடைக்கும், படகோடும் பேச முடியும்.

நட்டம் யாருக்கு என்று கேட்டானே, அந்த நண்பன் அடுத்த வாரமும் அதே பெஞ்சில்தான் இருந்தான். சார் பல்பு உதாரணத்தை எடுக்கவில்லை. போர்டில் இரண்டு கட்டம் போட்டு, மேலே "கூலி", "உயிர்" என்று எழுதினார். அன்றைக்கு யாரும் தூங்கவில்லை.

டிஸ்கி: வானிலை எனக்குப் பாடமில்லை, கணக்குப்பதிவியல்தான் பாடம். எங்காவது தப்பாக எழுதியிருந்தால் பின்னூட்டத்தில் குட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன். இந்தப் பதிவின் பிழைக்கு நானே காசு கட்டுகிறேன் :-)